களத்துக் காயமும் வழக்கு மன்றமும்

ஒருவர் மற்றொருவருக்கு ஊறு விளைத்தால் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாச் சட்ட மரபுகளுக்கும் பொதுவான விதியாகும். ஆயினும் மல்லரங்கும் பந்தாட்டத் திடலும் இவ்விதிக்குத் தொன்றுதொட்டே இடர் தந்து வந்துள்ளன; இடிப்பதும் வீழ்த்துவதும் மடக்கிப் பிடிப்பதுமே ஆட்டமாக அமைந்த இடத்தில், அடிபட்டவர் அந்த அடிக்கு முன்னரே இசைந்துவிட்டார் என்று கொள்வதா, எந்த அளவுக்கு இசைந்தார் என்று கொள்வதா என்பதை நீதிபதிகள் ஒவ்வொரு காலத்திலும் புதிதாக அளந்து பார்க்க வேண்டியிருந்தது. இவ்வழக்குகளின் வரலாற்றைத் தொடர்ந்து படிப்போருக்கு ஒன்று தெளிவாகும்: நெடுங்காலம் அடித்தவரையும் அடிபட்டவரையும் மட்டுமே நோக்கிய சட்டம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆட்டத்தை நடத்தியவர், விசில் ஊதியவர், விதி வகுத்தவர் ஆகியோர் பக்கம் திரும்பியது. அத்திருப்பம் ஏன் அவ்வளவு தாமதித்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்ப்பான பகுதி.

எழுத்தில் கிடைக்கும் பழைய விவாதங்களுள் மிகச் செறிவானவை ரோமானியருடையவை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாக மரபாகக் கருதப்படும் அக்விலியா சட்டம், பிறர் உடைமைக்குத் தவறான முறையில் சேதம் விளைத்தவரிடமிருந்து பணம் பெற வழி செய்தது. அடிமையும் அக்காலத்தில் உடைமையே என்பதால், அடிமைக்கு நேர்ந்த காயத்துக்கு உரிமையாளர் வழக்காடினார். ஜஸ்டினியன் பேரரசரின் ஆணைப்படி கி.பி. 533-இல் வெளிவந்த ‘டைஜெஸ்ட்’ என்னும் சட்டத் திரட்டு, இச்சட்டத்தைப் பற்றிய அறிஞர் கருத்துகளைத் தொகுத்துள்ளது. அதில் உல்பியன் என்னும் சட்ட அறிஞர், மற்போரிலோ குத்துச்சண்டையிலோ, இவ்விரண்டும் கலந்த பங்க்ரேஷன் என்னும் கடும்போரிலோ, பொதுப் போட்டியில் ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டாலும் அக்விலியா சட்டம் பொருந்தாது என்கிறார்; அவ்விழப்பு புகழையும் வீரத்தையும் நாடிய செயலில் விளைந்ததேயன்றித் தீங்கு செய்யும் எண்ணத்தில் விளைந்ததன்று என்பது அவர் தரும் காரணம். அதே மூச்சில் அவர் வரம்பும் கட்டுகிறார்: தோல்வியை ஒப்புக்கொண்டு பின்வாங்கியவரைத் தாக்கினால் சட்டம் மீண்டும் உயிர் பெறும். இன்றைய நீதிமன்றங்கள் பல பக்கங்களில் எழுதும் கருத்தின் கரு இங்கேயே அமைந்துவிட்டது எனலாம்.

அதே திரட்டின் மற்றொரு பகுதி இன்னும் நுட்பமானது. சிலர் பந்து விளையாடுகையில், பந்தைப் பறிக்க முயன்ற ஓர் அடிமைச் சிறுவனை ஒருவர் தள்ள, அச்சிறுவன் விழுந்து கால் முறிந்தது. உரிமையாளர் இழப்பீடு கோரலாமா என்ற வினாவுக்கு, இது கவனக்குறைவைக் காட்டிலும் தற்செயலாக நேர்ந்ததாகவே தோன்றுவதால் கோர இயலாது என்று அல்ஃபேனஸ் என்னும் சட்ட அறிஞர் விடை தந்தார். ஈட்டி எறியும் திடலைப் பொருத்தமற்ற வேளையில் குறுக்கே கடந்த அடிமை காயமுற்றால் எறிந்தவர்மேல் பழியில்லை, ஆனால் வேண்டுமென்றே குறிபார்த்து எறிந்தால் பொறுப்பு உண்டு என்பது இன்னொரு முடிவு. புகழ்பெற்ற முடிதிருத்துபவர் வழக்கில், வேகமாக அடிக்கப்பட்ட பந்து அவர் கையில் பட, கையிலிருந்த கத்தி ஓர் அடிமையின் கழுத்தை அறுத்துவிட்டது. பந்தடித்தவரைக் குற்றம் சொல்வதா, ஆட்டம் நடக்கும் இடத்துக்கருகே நாற்காலி போட்ட முடிதிருத்துபவரைச் சொல்வதா, அப்படிப்பட்ட இடத்தில் கழுத்தை நீட்டிக் கொடுத்தவரையே சொல்வதா என்று சட்ட அறிஞர்கள் வாதிட்டனர். மூவரையும் ஆராய்ந்த அவர்களுக்கு, அவ்விடத்தில் பந்தாட்டத்தை அனுமதித்தவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அக்கேள்வி யாருக்குமே தோன்றாமல் இருந்ததென்று சொல்வதற்கில்லை. புளூட்டார்க் எழுதிய பெரிக்ளிஸின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி வருகிறது: போட்டியொன்றில் எறியப்பட்ட ஈட்டி பட்டு ஒருவர் இறந்ததையொட்டி, ஏதென்ஸ் தலைவரான பெரிக்ளிஸும் சோஃபிஸ்டு மெய்யியலாளரான புரோட்டகோரஸும் ஒரு முழுப் பகலையும் செலவிட்டு, சாவுக்குக் காரணம் ஈட்டியா, எறிந்தவரா, போட்டியை நடத்திய அதிகாரிகளா என்று விவாதித்தனராம். இதைப் பரப்பியவர் தந்தையோடு பிணக்குற்றிருந்த பெரிக்ளிஸின் மகனே. தந்தை வீண் பேச்சில் பொழுதைப் போக்குகிறார் என்று ஏளனம் செய்வதே அவர் நோக்கம். ஏளனத்துக்குரியதாகத் தோன்றிய அம்மூன்றாவது தெரிவு நீதிமன்றப் படியேறி வெற்றி பெற ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் ஆயின.

இடைக்கால ஐரோப்பாவில் இத்தகைய நிகழ்வுகள் பெரும்பாலும் இழப்பீட்டு வழக்குகளாகப் பதிவாகவில்லை. 1321-இல் இங்கிலாந்தின் துறவியர் குழுவொன்றைச் சேர்ந்த வில்லியம் டி ஸ்பால்டிங் பந்தை உதைத்தபோது, அவர்மேல் மோதிய நண்பர் துறவியின் இடையில் உறையோடு செருகப்பட்டிருந்த கத்தியால் காயமுற்றுச் சில நாட்களில் இறந்தார். துறவி நாடியது போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜானின் மன்னிப்பாணையை. அவ்வாணை அவருக்குக் கிடைத்தது. களத்து மரணம் அன்று ஆன்மாவின் கறையாகவும் அரசனின் அமைதிக்குப் பங்கமாகவும் கருதப்பட்டதே தவிர, இறந்தவர் குடும்பத்தின் பணக்கோரிக்கை எங்கும் முன்னிற்கவில்லை.

ஆங்கிலப் பொதுச்சட்டம், அதாவது சட்டமன்ற ஆணையாக அன்றி நீதிபதிகளின் தீர்ப்புகள் வழியே வளர்ந்த சட்டம், முதலில் குற்றவியல் வழியாகவே விளையாட்டை அணுகியது. நீதிபதி மைக்கேல் ஃபாஸ்டர் 1762-இல் வெளியிட்ட நூலில், மற்போரும் சிலம்பம் போன்ற கோல்விளையாட்டும் வாட்பயிற்சியும் உடலுரம் தந்து நாட்டைக் காக்க மக்களைத் தகுதிப்படுத்துவதால் சட்டத்துக்கு உடன்பட்டவை என்று காரணம் காட்டினார். பணத்துக்காகக் கையுறையின்றி நடந்த பந்தயக் குத்துச்சண்டைக்கு இச்சலுகை கிட்டவில்லை. 1882-இல் கோனி வழக்கு எனப்படும் தீர்ப்பில், அத்தகைய சண்டையில் இருவரும் மனமொப்பியே இறங்கினாலும் அவ்விசைவு சட்டத்தின்முன் செல்லாது என்று நீதிபதிகள் உறுதிபடக் கூறினர். இதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1878-இல், லெஸ்டர் நகரில் விசாரிக்கப்பட்ட கால்பந்து வழக்கொன்றில், முழங்காலை முன்நீட்டிப் பாய்ந்து மோதி எதிரணி வீரரின் இறப்புக்குக் காரணமானவர்மீது கொலையாகாத மரணக் குற்றம் சாட்டப்பட்டது. நீதிபதி பிராம்வெல் ஜூரியரிடம், எந்த ஆட்டத்தின் விதியும் நாட்டுச் சட்டம் தடுத்ததை ஆகுமென்று ஆக்கிவிட முடியாது, ஆயினும் விதிக்குள் நின்று ஆடியவரிடம் தீய எண்ணம் இருந்ததாக எளிதில் கருதவும் முடியாது என்று எடுத்துரைக்க, அவ்வீரர் விடுதலையானார். இருபதாண்டுகள் கழித்து அதே நகரில் வந்த ஒத்த வழக்கில் ஜூரியர் தண்டனைக்கு வழி வகுத்தனர். ஆட்ட விதி என்பது சட்டத்துக்கு மாற்றாகாது, ஆனால் ஆடியவரின் மனநிலைக்குச் சான்றாகும் என்னும் பிராம்வெல்லின் கருத்தை விஞ்சிய ஒன்றை அடுத்த நூறாண்டுகளில் யாரும் சொல்லிவிடவில்லை.

இதே சிந்தனை இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் வரைந்து, 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பியவரின் இசைவோடு செய்யப்படும் செயல், மரணத்தையோ கொடுங்காயத்தையோ கருதாமல் செய்யப்பட்டதாயின் குற்றமாகாது என்றது. பிரிவை விளக்க அச்சட்டமே தந்த எடுத்துக்காட்டு விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது: பொழுதுபோக்காக வாட்பயிற்சி செய்ய இருவர் உடன்பட்டால், முறைகேடின்றி நடக்கும் ஆட்டத்தில் நேரும் ஊறுக்கும் அவர்கள் உடன்பட்டவராவர். அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இப்பிரிவு தொடர்கிறது. முறைகேடு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் விளையாட்டுச் சட்டத்தின் பாதி அடங்கியிருந்தும், இந்தியாவில் அது இழப்பீட்டு வழக்குகளாக விரிவடையவில்லை. கோரும் தொகைக்கு ஏற்ப உயரும் நீதிமன்றக் கட்டணமும், ஆண்டுக்கணக்கில் நீளும் உரிமையியல் விசாரணையும் இதற்குப் பெரிய காரணங்கள் என்று கருதலாம். 2014 முதல் 2023 வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஜல்லிக்கட்டு வழக்குகள்கூடக் காளைகளின் துன்பத்தையும் பண்பாட்டு உரிமையையும் மையமாகக் கொண்டவை; மாடுபிடி வீரரின் முறிந்த விலா எலும்புக்கு யார் ஈடு தருவது என்ற வினா அங்கு ஓரத்திலேயே நின்றது. இலங்கையின் நிலை வேறு. அந்நாட்டின் தீங்கியல் சட்டம், அதாவது ஒப்பந்தமின்றியே ஒருவர் மற்றவருக்குச் செய்த தீங்குக்கு ஈடு கோரும் சட்டம், ரோம-டச்சு மரபைச் சேர்ந்தது. அங்கே இழப்பீடு கோருவோர் இன்றும் அக்விலியா சட்டத்தின் பெயர் தாங்கிய வழக்கு முறையையே கைக்கொள்கின்றனர்.

இங்கிலாந்தின் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு முதலில் வந்தவர்கள் ஆட்டக்காரர்களைவிடப் பார்வையாளர்களும் வழிப்போக்கர்களுமே ஆவர் என்பது கவனிக்கத்தக்கது. தோழமையுடன் ஆடி அடிபட்டவர் வழக்குத் தொடுப்பது நாகரிகக் குறைவு என்னும் எண்ணம் அன்று வலுவாக இருந்தது. காப்பீடு பரவாத காலத்தில் எதிராளியிடம் வசூலிக்கப் பணமும் இருந்திராது. 1930-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் கார் ஒன்று தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து இருவர் இறக்கப் பலர் காயமுற்றபோது, 1907 முதல் நடந்துவந்த அத்தடத்தில் அதுவரை அவ்வாறு நிகழாததைக் கருதி, நடத்திய கழகத்துக்குப் பொறுப்பில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1951-இல் பிரபுக்கள் சபை தீர்த்த சீதம் கிரிக்கெட் மைதான வழக்கு சட்ட மாணவர் அனைவரும் அறிந்தது. 1947 ஆகஸ்டில், மைதானத்துக்கு வெளியே தம் வீட்டருகே நின்ற பெண்மணியின் தலையில் சிக்ஸருக்குப் பறந்த பந்து விழுந்தது. ஆடுகளத்திலிருந்து 78 கஜத் தொலைவில், தரைச்சரிவையும் சேர்த்துக் கணக்கிட்டால் 17 அடி உயரத்தில் வேலி இருந்தது. முப்பதாண்டுகளில் ஏறக்குறைய ஆறு முறையே பந்து அதைத் தாண்டியிருந்தது. இவ்வளவு அரிதாக நேரும் ஆபத்துக்கு முன்காப்புச் செய்யாதது கவனக்குறைவு ஆகாது என்று கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. கழகம் ஈடு தர வேண்டியிருந்தால் அதில் அநீதி எதையும் காணமாட்டேன், ஆயினும் சட்டம் அதற்கு இடந்தரவில்லை என்ற பொருளில் ராட்கிளிஃப் பிரபு எழுதியது, தீர்ப்பாளரின் மனமும் சட்டமும் விலகி நின்ற இடத்தைக் காட்டுகிறது. 1959-இல் லண்டன் ஒயிட் சிட்டியில் நடந்த குதிரைக் காட்சியில் தடத்தோரம் நின்ற புகைப்படக்காரர்மேல் குதிரை பாய்ந்த வழக்கிலும் முடிவு இவ்வாறே; வெற்றியில் கருத்தூன்றிய வீரரின் திறமைப் பிசகைப் பார்வையாளர் பொறுத்தாக வேண்டும், பிறர் உயிரைத் துளியும் பொருட்படுத்தாத செயலுக்கே பொறுப்பு எழும் என்று நீதிபதி டிப்லாக் வரம்பிட்டார்.

ஆட்டக்காரர் ஆட்டக்காரர்மீது தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவான விதியை வகுத்தது 1985-இல்தான் என்பது, கால்பந்து பிறந்த நாட்டைப் பொறுத்தவரை வியப்புக்குரியது. லெமிங்டன் நகர உள்ளூர்க் கழகங்களுக்கிடையே 1980-இல் நடந்த ஆட்டத்தில், எதிராளி பந்தைத் தட்டிவிட்ட பின்னர் சறுக்கிப் பாய்ந்து அவர் காலை முறித்தவர் நடுவரால் வெளியேற்றப்பட்டார். கால் முறிந்தவருக்கு 4,900 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. முன்னுதாரணமாகக் காட்ட ஆங்கிலத் தீர்ப்பு எதுவும் இல்லாமையால், நீர்ச்சறுக்கு விபத்தொன்றில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1967-இல் வழங்கிய தீர்ப்பை நீதிபதி ஜான் டொனால்ட்சன் துணைக்கொண்டார். அவர் போகிற போக்கில் சொன்ன ஒரு கருத்து, முதல்நிலைத் தொழில்முறை வீரரிடம் உள்ளூர் ஆட்டக்காரரைவிடக் கூடுதல் கவனத்தை எதிர்பார்க்கலாம் என்பது, பின்னர் மற்ற நீதிபதிகளின் ஐயத்துக்கு உள்ளாயிற்று. அமெரிக்காவிலும் இதே காலத்தில்தான் கதவு திறந்தது: தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் வன்முறை நீதிமன்ற எல்லைக்கு அப்பாற்பட்டது என்று கருதிய விசாரணை நீதிமன்றத்தை, டேல் ஹாக்பார்ட் என்னும் வீரர் தொடுத்த வழக்கில் 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருத்தியது.

அடுத்து நிகழ்ந்த திருப்பம் ரக்பியின் ‘ஸ்க்ரம்’ என்னும் அமைப்பிலிருந்து வந்தது. இரு அணிகளின் முன்வரிசையினர் தலை தாழ்த்தி, தோளோடு தோள் பொருந்தி, பின்வரிசையினரின் முழு உந்துதலையும் தாங்கியவாறு எதிரெதிரே தள்ளுவது ஸ்க்ரம். அது குலைந்து சரிகையில், நடுவில் இரு கைகளும் தோழர்களின் தோள்மேல் கட்டுண்ட ‘ஹூக்கர்’ என்னும் ஆட்டக்காரர் தலைகுப்புற விழுவதால் கழுத்தெலும்பு முறியக்கூடும். இந்த ஆபத்தை அறிந்தே, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் முன்வரிசையினர் குனிந்து, தொட்டு, சற்று நிறுத்தி, பின்னரே பொருந்த வேண்டும் என்ற படிமுறை விதிக்கப்பட்டிருந்தது. 1991 அக்டோபரில் சட்டன் கோல்ட்ஃபீல்டு, பர்ட்டன் இளைஞர் அணிகள் மோதிய ஆட்டத்தில் நடுவர் இதனை நடைமுறைப்படுத்தவில்லை. ஸ்க்ரம் இருபது தடவைக்கு மேல் சரிந்தது, எச்சரிக்கைக் குரல்களும் எழுந்தன, இறுதியில் பதினேழு வயது ஹூக்கர் ஒருவர் முடமானார். எதிரணி வீரர்மீது அவர் தொடுத்த கோரிக்கை தோற்றது, நடுவர்மீதான கோரிக்கை வென்றது. இடர் அறிந்து இறங்கியவருக்குக் குறைசொல்ல இடமில்லை என்னும் பழைய கோட்பாட்டை நடுவர் தரப்பு முன்வைத்தபோது, பிங்கம் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996 டிசம்பரில் அதை ஏற்கவில்லை: ஆட்டத்துக்கு இயல்பான இடர்களுக்கு இளைஞர் இசைந்தது உண்மையே, தம்மைக் காக்கவே விதிக்கப்பட்ட முறையை நடுவர் கைவிடுவதற்கு அவர் இசையவில்லை.

ரோமானிய அறிஞர் தொடங்கி டிப்லாக் வரை யாரும் இவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. எதிராளியின் அடிக்குத் தரும் இசைவும், களத்தை ஆள்பவரின் கவனக்குறைவுக்குத் தரும் இசைவும் வெவ்வேறானவை என்ற இந்தப் பிரிப்பே, புரோட்டகோரஸின் மூன்றாவது தெரிவைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1998-இல் வேல்ஸ் நாட்டின் லான்ஹாரன், தோண்டு அணிகளின் ஆட்டத்தில், முன்வரிசைப் பயிற்சியற்றவரை மாற்று வீரராக நிறுத்தி ஸ்க்ரத்தைத் தொடர நடுவர் இடந்தந்ததால் நேர்ந்த முடக்கத்துக்கு, 2003-இல் வேல்ஸ் ரக்பி ஒன்றியம் பொறுப்பேற்க நேர்ந்தபோது வயதுவந்தோர் ஆட்டமும் இவ்விதிக்குள் வந்தது. எல்லா நாடுகளும் இவ்வழியில் இறங்கிவிடவில்லை. ஸ்க்ரம் விதிகளைத் திருத்தாததற்காகச் சர்வதேச ரக்பி வாரியத்தின் உறுப்பினர்கள்மீது தொடுக்கப்பட்ட கோரிக்கைகளை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2000-இல் நிராகரித்தது. அந்நிராகரிப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை: உலகெங்கும் ஆடும் முகமறியாத பல்லாயிரவருக்குத் தனித்தனியே கடமைப்பட்டவர் என்று ஒரு கூட்டத்தில் கையுயர்த்தி வாக்களித்த உறுப்பினரைச் சொல்வது கடினம்.

அதே 2000-இல் லண்டனில் வந்த தீர்ப்பு எதிர்த்திசையில் சென்றது. 1991 செப்டம்பர் 21 இரவு ஒயிட் ஹார்ட் லேன் திடலில் குத்துச்சண்டை வீரர்களான மைக்கேல் வாட்சனும் கிரிஸ் யூபேங்கும் பட்டத்துக்காக மோதினர். பதினொன்றாம் சுற்றில் யூபேங்கை வீழ்த்திய வாட்சன், எழுந்த யூபேங்கின் குத்தில் தாமே சாய்ந்தார், பன்னிரண்டாம் சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மண்டையோட்டுக்குள் குருதி கசிந்து மூளையை அழுத்தும் நிலையில், முதல் மணித்துளிகளில் மூச்சைச் சீராக்கி உயிர்வளி தருவதே மூளையைக் காக்கும் வழியாகும். வாட்சனை மருத்துவர் வந்து பார்க்க ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆயிற்று. களத்தோரத்தில் உயிர்மீட்பு ஏற்பாடு இல்லை. முதலில் கொண்டுசெல்லப்பட்ட மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவும் இல்லை. வாட்சன் குத்திய யூபேங்கையும் போட்டி அமைப்பாளரையும் விட்டு, விதி வகுத்த பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்தார். தான் ஆட்டத்தை நடத்தவில்லை, வீரர்களுக்கு முதலாளியும் இல்லை என்று வாரியம் வாதிட்டது. உரிமம் தருவது முதல் மருத்துவ ஏற்பாட்டை வரையறுப்பது வரை அனைத்தையும் தன் கையில் வைத்திருக்கும் வாரியத்தை நம்பியே வீரர்கள் களமிறங்குகின்றனர் என்றும், அந்நம்பிக்கை கடமையை உண்டாக்குகிறது என்றும் பிலிப்ஸ் பிரபு தீர்ப்புரைத்தார். போதிய காப்பீடு இல்லாத வாரியம் நிதி நெருக்கடியில் விழுந்து, இறுதியில் 400,000 பவுண்டுக்கு உடன்பாடு செய்துகொண்டது. ஆறு நாட்கள் நடந்து 2003-இல் லண்டன் மாரத்தானை நிறைவு செய்த வாட்சனின் வாழ்நாள் இழப்போடு ஒப்பிட்டால் அத்தொகை சிறிதே.

இதுவரை கண்ட வழக்குகள் அனைத்திலும் ஒரு நாள், ஒரு கணம், ஒரு மோதல் இருந்தது. அண்மைக் காலத்தில் எழுந்துள்ள கோரிக்கைகளில் அக்கணமே இல்லை. இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002-இல் ஐம்பத்தொன்பது வயதில் மறதி நோயோடு இறந்தபோது, கனத்த தோல்பந்தை ஆண்டுக்கணக்கில் தலையால் முட்டியதால் வந்த தொழில்நோய் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் நோய்க்குரிய சொல், பந்தாட்டக்காரரின் மூளைக்குப் பொருத்தப்பட்டதால் அப்பதிவு கவனம் பெற்றது. அமெரிக்காவின் தேசியக் கால்பந்துக் கழகக் கூட்டமைப்பு, தலைக்காயங்களின் நெடுநாள் விளைவை மறைத்ததாக ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2013-இல் 765 மில்லியன் டாலருக்கு உடன்பட்டது. அத்தொகை போதாது என்று நீதிபதி ஐயுற்றதால் உச்சவரம்பு நீக்கப்பட்டு 2015-இல் ஒப்புதல் பெற்றது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே செய்யப்பட்ட உடன்பாடு ஆகையால், கூட்டமைப்பு எதை எப்போது அறிந்திருந்தது என்பது விசாரணைக்கே வரவில்லை.

அந்த விசாரணையைத்தான் பிரிட்டனின் முன்னாள் ரக்பி வீரர்கள் 2020 டிசம்பரில் அறிவித்த நடவடிக்கையின் வழியே நாடினர். அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் தாம்சன், 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர். அவ்வெற்றி தம் நினைவில் இல்லை என்று அறிவித்தார். 1995-இல்தான் தொழில்முறையாகிய ஆட்டத்தில், ஊதியம் பெறாமல் ஆடிய ஆண்டுகளின் அடியையும் ஊதியம் பெற்று ஆடிய ஆண்டுகளின் அடியையும் பிரித்தறிய இயலாது. எந்த மோதலில் எந்த நரம்பு கெட்டது என்று எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஆகவே வழக்கறிஞர்களின் வாதம் களத்துச் சம்பவங்களை விட்டு விலகி, மருத்துவக் குழுக்களின் கூட்டக் குறிப்புகள், மூளை அதிர்ச்சிக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு என்று வகுத்த விதிகள், அவ்விதிகள் தளர்த்தப்பட்ட தேதிகள் ஆகியவற்றை நோக்கிச் சென்றுள்ளது. வீரர் எதற்கு இசைந்தார் என்று கேட்பதற்கு முன், இசையும்போது அவரிடம் எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்பதை ஆவணங்களிலிருந்து நிறுவ வேண்டியதாகிவிட்டது.